மெய்க்கு அரை மாத்திரை

ஜூன் 4

அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுக் குளியலறைக் குழாய், மூன்றாண்டு காலத் தொடர் கண்ணீருக்குப் பிறகு, நேற்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. சரிசெய்த மாமேதை அடியேன். பயன்படுத்திய பொருள், பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு. மேல் தொட்டியில் அன்று தண்ணீரே இல்லை என்று அம்மா சொல்வதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளவும்.

உன் விடுதி முகவரி அம்மாவின் கைப்பையில் கிடைத்தது. போன் நம்பரை மாற்றிவிட்டாய், முகவரியை மாற்ற மறந்துவிட்டாய். இரண்டு வருடமாக வீட்டில் யாரும் உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது அம்மா நாலு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

இனி நிஜச் செய்தி. இரண்டு ஆபரேஷன் செய்தும் தேறாத அப்பாவின் முதுகுக்கு, மூன்றாவதாக ஒரு கரண்ட் கனெக்‌ஷன். முதுகெலும்புக்குள் தண்டுவடத்தை ஒட்டி நூல் மாதிரி இரண்டு ஒயரை நுழைப்பார்கள். அதில் மெல்லிய மின்சாரம் ஓடும். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் அது குறுக்கே புகுந்து குழப்பும். அதாவது, வகுப்பில் நான் செய்கிற அதே வேலை. முதலில் ஏழு நாள் சோதனை. ஒயர் உள்ளே, பேட்டரிப் பெட்டி வெளியே இடுப்பில். வலி பாதியாகக் குறைந்தால் பெட்டியையும் உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். குறையாவிட்டால் ஒயரை உருவிவிட்டு டாட்டா.

ஆனால் டாக்டரம்மா ஒரு நிபந்தனை வைத்தார். “தினம் ஆறு மாத்திரைங்கறது ரொம்ப ஜாஸ்தி. இவ்வளவு வலுவான மாத்திரையில வருஷக்கணக்கா இருக்கறவங்களுக்கு இந்தக் கருவி அவ்வளவா பலன் குடுக்கறதில்ல. ரெண்டுக்குக் கொண்டு வாங்க. ஆனா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. வாரத்துக்கு அரை, அவ்வளவுதான்.” எட்டு வாரக் கணக்கு.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்தோமே? ஆறு மாத்திரையில் உலகத்திலேயே நீளமான எழுத்து நம் அப்பாதான். வாரம் அரை குறைக்க வேண்டும். மெய்க்கு அரை மாத்திரை. மெய் என்றால் உடம்புதானே, கணக்கு சரியாக வருகிறது.

மாத்திரைப் பெட்டிக்குப் பூட்டு. சாவி என் கழுத்தில். “எனக்கு மனசு இளகிடும்டா, நீதான் கல்லுளிமங்கன்” என்று அம்மா கொடுத்தாள். அவள் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குக் காலையில் போனால் மாலைதான் வருகிறாள். தினமும் எத்தனை மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை என்று டைரி எழுதி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அதுவும் நானே.

இப்படிக்கு,
மாண்புமிகு மாத்திரைத் துறை அமைச்சர்


ஜூன் 12

தம்பி,

குழாய்க்கு வாழ்த்துகள்.

போன் நம்பர் கேட்காதே. குரல் கேட்டால் பேசாமல் இருக்கமாட்டேன், பேசினால் நல்லதாகப் பேசமாட்டேன். எழுதினால் அடித்துவிட்டு எழுதலாம்.

எனக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸில் கீறல் பார்க்கிற வேலை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு நாளைக்கு அறுநூறு. தேறியது வலது தட்டு, தேறாதது இடது தட்டு. பேச்சுத் துணை கிடையாது. பிடித்திருக்கிறது.

அன்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “உங்களுக்கு முதுகு வலிக்கலப்பா, மாத்திரை வேணும், அவ்வளவுதான்.” அதற்கு அவர், “வலின்னா என்னன்னு தெரியாத ஜென்மம். என் கண்ணு முன்னால நிக்காதே” என்றார். நிற்கவில்லை.

அவர் குறைப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. குறைத்தால் எழுது. எத்தனை என்று எண்ணிக்கையில் எழுது. “அமோகம்”, “பட்டையைக் கிளப்பிட்டார்” எல்லாம் வேண்டாம்.

அக்கா

பின்குறிப்பு: தூங்குகிறாரா?


ஜூன் 24

அன்புள்ள கீறல் அக்காவுக்கு,

நாலரை. எண்ணிக்கையில் கேட்டாயே, இந்தா. மூன்று வாரத்தில் ஆறிலிருந்து நாலரை. அமோகம். (அடித்துவிடவும்.)

தூங்கவில்லை. குறைக்கிற ஒவ்வொரு தடவையும் மூன்று நாளைக்கு மனுஷன் படாத பாடு. கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் மயிர்க்கூச்சம். காலைத் தன்னாலேயே உதைத்துக்கொள்கிறார். “கோல் போட்டுட்டீங்கப்பா” என்றேன். சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கிறது என்று திட்டினார். சிரிப்பு காட்டுவதற்கும் இப்போது அளவு வைத்திருக்கிறேன், வாரத்துக்கு அரை.

கருவியைப் பற்றிக் கொடுத்த புத்தகத்தை வரி விடாமல் படிக்கிறார். படத்தில் ஒயர் போகும் பாதையை விரலால் தடவிப் பார்த்து, “லிஃப்ட் கேபிள் மாதிரியேதான்டா இருக்கு. இருபத்தி ரெண்டு வருஷம் நான் மத்தவங்களுக்கு மாட்டுனேன், இப்ப எனக்கே மாட்டப் போறாங்க” என்கிறார். லிஃப்ட் குழிக்குள் விழுந்த பிறகு அவர் தொழிலைப் பற்றிப் பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

நேற்று கணக்குக்கு மேல் ஒரு மாத்திரை அதிகம் கேட்டார். “சாவி தொலஞ்சு போச்சு” என்று, கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டே சொன்னேன். முறைத்தார். நான் அசையவில்லை. உன் தம்பி இரும்பு.

அமைச்சர்


ஜூலை 3

தம்பி,

உன் கடிதம் வந்த நாளில் கீறல் விழுந்த இரண்டு லென்ஸை வலது தட்டில் போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். நாலரை என்ற எண்ணே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே.

அப்போது மாத்திரை வாங்கி வருவது நான்தானே. ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டையை எடுத்து ஒளித்துவிடுவேன். குறைத்துக் கொடுத்தால் பழகிவிடுவார் என்று நினைத்தேன். “நீ எடுத்தியா?” என்று கேட்டார். “சத்தியமா இல்லப்பா” என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு மாத்திரை போதாமல் போனது, உடம்பெல்லாம் நடுங்கியது, அந்த நடுக்கத்தில்தான் சண்டை. திடீரென்று குறைக்கக்கூடாது என்று உங்கள் டாக்டர் சொன்னாரே, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். நீ எழுதிய கொட்டாவியும் மயிர்க்கூச்சமும் நான் நேரில் பார்த்தவை. நடிக்கிறார் என்று நினைத்தேன்.

பரணில் பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி இருக்கும். அதன் அடியில் பதினாலு அட்டை. எடுத்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிடு. குப்பையில் போடாதே. எண்ணிக் கொடு.

நீ இரும்பாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அக்கா


ஜூலை 16

மகாகனம் பொருந்திய அக்காவுக்கு,

பரண் படலம் இனிதே நிறைவேறியது. மிக்ஸிப் பெட்டியில் ஒரு கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வந்தது. அவர்களுடன் பேச்சுவார்த்தை நடத்தி, பதினாலு அட்டையையும் மீட்டு, மருந்தகத்தில் எண்ணி ஒப்படைத்தேன். மருந்தகக்காரர் எழுந்து நின்று கை குலுக்கினார். “இந்த வயசுல இவ்வளவு பொறுப்பா!” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

எண்ணிக்கை: மூன்று. ஆறில் பாதி! டாக்டரம்மா டைரியைப் புரட்டிப் பார்த்து, “இந்த மாதிரி யாரும் ஒழுங்கா எழுதிக்கிட்டு வந்ததே இல்ல” என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் போல. ஆகஸ்ட் நாலாம் தேதி சோதனை, தேறினால் பெட்டி வைக்கும் ஆபரேஷன் செப்டம்பர் முதல் வாரம்.

நீ நம்பமாட்டாய் என்பதால் டைரியில் ஒரு பக்கத்தை அப்படியே நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். பாதுகாத்து வைக்கவும். பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் கேட்பார்கள்.

அமைச்சர்


ஜூலை 29

தம்பி,

நகலைப் பலமுறை பார்த்தேன். அவர் கால் மணி நேரம் தெருவில் நடந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மட்டும் தனியாக இன்னும் சில முறை.

செப்டம்பர் இரண்டாம் தேதியிலிருந்து நாலு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். சோதனை தேறினால் பெட்டி வைக்கும் ஆபரேஷன் அப்போதுதான் என்று எழுதியிருந்தாயே. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் கூப்பிட்டால் உள்ளே வருவேன்.

கீழே இருப்பது அப்பாவுக்கு. நீ படித்துக் காட்டு. ஏற்ற இறக்கத்தோடு நாடகம் போடாமல் படி.

“அப்பா, உங்களுக்கு வலிக்கலன்னு நான் சொன்னது தப்பு. வலியோடயே மாத்திரையையும் குறைச்சிருக்கீங்க. என்னால இத செஞ்சிருக்க முடியாது. அட்டைய ஒளிச்சு வெச்சது நான்தான். சத்தியம் பண்ணதும் பொய். நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

தேறவில்லை.

நாலாம் தேதி ஒயர் வைத்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, மயக்கம் கொடுக்காமல், “எங்க தெரியுது? எங்க தெரியுது?” என்று கேட்டுக்கேட்டு வைத்தார்கள். முதல் நாள் வலி எட்டு. இரண்டாம் நாள் ஐந்து. “எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா, ஆனா நல்ல எறும்பு” என்றார். அம்மா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து என்பது நாலானால் போதும், பாதி. மூன்றாம் நாள் ஆறு. அப்புறம் ஏழு. ரிமோட்டில் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள். ஏழு ஏழாகவே இருந்தது.

பதினொன்றாம் தேதி உருவிவிட்டார்கள். இரண்டு பிளாஸ்திரி, அவ்வளவுதான். டாக்டரம்மா டைரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “ரெண்டு மாத்திரைக்கு இறங்கி வந்துட்டாரு, நல்லா கேக்கும்னுதான் நெனச்சேன். சில உடம்புக்கு ஒத்துக்கறதில்ல” என்றார். ஃபைலை மூடி அடுக்கில் வைத்தார். இனி இந்த வைத்தியம் அப்பாவுக்குக் கிடையாது.

வரும் வழியில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் குலுங்கி நின்றது. “பிரேக் ஷூ தேஞ்சிருக்கு” என்றார் அப்பா.

உன் கடிதத்தை அது வந்த அன்றே படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜோக் எதுவும் வரவில்லை. மன்னிக்கவும்.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பி,

மூன்று நாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பதில் எழுதவில்லை. பிறகு டைரி நகலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் பார்க்கிற விளக்குக்கு எதிரே பிடித்தேன்.

அதில் ஏழு நாள் இருக்கிறது. காலை, மதியம், மாலை என்று இருபத்தொரு வரி. எல்லா வரியும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. பதினொன்றாவது வரியில் பேனா மை மங்குகிறது. பன்னிரண்டாவதில் எழுத்து திடீரென்று தடிக்கிறது. அதாவது நாலாம் நாளின் மத்தியானத்தில் மை தீர்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே வேறு பேனா எடுத்திருக்கிறாய். ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய்.

மருந்தகக்காரர் எழுந்து நின்று கை குலுக்கினாராம். இரண்டு வருடப் பழைய மாத்திரை பதினாலு அட்டையை ஒரு பள்ளிக்கூடப் பையன் கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்விதான் கேட்பார்கள், கை கொடுக்கமாட்டார்கள்.

மெய்க்கு அரை மாத்திரை என்று எழுதினாய். மெய்க்கு உண்மை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. உன் கடிதங்களில் அது எவ்வளவு மாத்திரை?

திட்டமாட்டேன். அட்டை இருக்கும் இடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தக் கருவி அப்பாவுக்கு வேலை செய்யவில்லையா, அல்லது அதை வேலை செய்யவே விடவில்லையா? முதலாவது என்றால் அழுதுவிட்டுப் போகலாம். இரண்டாவது என்றால் அந்த ஃபைல் தப்பாக மூடப்பட்டிருக்கிறது.

விடுப்பை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று உன் பதிலைப் பார்த்துத்தான்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

நாலு வரைக்கும் உண்மை. அதற்குக் கீழே எல்லாம் பொய்.

அட்டையைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே பரணில் ஏறினேன். மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் பள்ளிப்பையில் போட்டேன், அது சத்தியம். ஆனால் மூன்றரைக்கு இறங்கிய வாரம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டி போட்டுக்கொண்டு, நெற்றியை மெத்தையில் வைத்துக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். “ஒண்ணு தாங்க” என்றார்.

“தா” இல்லை. “தாடா” இல்லை. என்னைப் போய் “தாங்க” என்றார். அக்கா, நான் எத்தனையோ வார்த்தையைத் திருப்பிப் போட்டு விளையாடியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை தானாகவே திரும்பிக்கொண்டது. தாங்க முடியவில்லை.

பூட்டிய மாத்திரைப் பெட்டியில் கை வைத்தால் கணக்கு உதைக்கும், பை தோளிலேயே இருந்தது. கொடுத்துவிட்டேன். ஒன்றுதான் என்று நினைத்தேன். மறுநாள் ஒன்று. அடுத்த வாரம் இரண்டு. ஒயர் வைத்த நாளில் பெட்டியிலிருந்து இரண்டு, பையிலிருந்து நாலு. டாக்டர் எட்டு வாரத்துக்கு முன்னால் பார்த்த அதே ஆறு. டைரியில் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதினேன். வலி எண்ணை ஏற்றி இறக்கி, நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று நடுவில் ஒரு ஒன்பது கூடப் போட்டேன். அந்த ஒன்பதைப் பற்றி எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்து முடித்ததும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவ அன்னைக்கு சொன்னதுதான்டா சரி. தப்புன்னு எழுதாத, சரின்னு எழுது.” நான் எழுதவில்லை. ஏனென்றால் அது சரியில்லை. வலி இருந்தது. முட்டி போட்டிருந்தபோது அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை, நான் கதவைத் திறப்பேன் என்றும் அவருக்குத் தெரியாது. பார்க்க ஆளில்லாத இடத்தில் யாரும் நடிக்கமாட்டார்கள். மாத்திரையும் வேண்டியிருந்தது, வலியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்குள் இருக்கும் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் அந்த ஐந்து நிஜம். அப்பாவே சொன்ன எண், நான் தொடவில்லை. ஆறு மாத்திரை வைத்துக்கொண்டே ஐந்து என்றால், இரண்டில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நாலாகியிருக்குமோ? ஆகாமலும் போயிருக்கலாம். அதைப் பார்க்க முடியாமல் செய்தவன் நான்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. நேற்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அறைக்குள் நேராக நுழைந்து, டைரியை மேஜையில் வைத்து, “மேடம், இதுல பாதி கற்பன. எழுதுனது நான். தண்டனைய எனக்குக் குடுங்க, சிகிச்சைய அப்பாவுக்குக் குடுங்க” என்றேன். அறையே அமைதியாகிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நெஜத்த சொன்னியே, அது போதும்பா. மறுபடியும் மொதல்லேர்ந்து கொறைப்போம், மறுபடியும் வெச்சுப் பாக்கலாம்” என்று ஃபைலைத் திறந்தார். நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன்.

பையில் இன்னும் இரண்டு அட்டையும் நாலு மாத்திரையும் இருக்கிறது. தினம் நாலு வீதம் ஆறு நாள் வரும். அதற்குப் பிறகு பெட்டியில் இருக்கும் இரண்டு மட்டும்தான். ஆறிலிருந்து திடீரென்று இரண்டு. அன்றைக்கு நீ செய்தது மாதிரியே.

அக்கா, மேலே டாக்டரம்மாவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அந்தப் பத்தி முழுவதும் பஸ்ஸில் வரும்போது யோசித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனது நிஜம். டைரி கையில் இருந்ததும் நிஜம். அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே அவர் யாருக்கோ எக்ஸ்ரேவைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். நர்ஸ் வந்து, “என்ன தம்பி, யார பாக்கணும்?” என்று கேட்டார். “மணி என்ன சிஸ்டர்?” என்றேன். அவர் தலைக்கு மேலேயே பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்து, “பதினொன்னே கால்” என்றார். தேங்க்ஸ் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடுப்பை விட்டுவிடாதே. நீ எதுவும் பேச வேண்டாம், சொல்வது நானேதான். அந்தக் கதவு வரைக்கும் மட்டும் கூட வா.

தம்பி